நீதிபதி பாதியில் வைத்த ரோல்ஸ்

நீதிபதி பாதி கடித்த மட்டன் ரோல்ஸைக் காகிதத் தட்டில் வைத்தார். வாயில் இருந்ததை அவசரமில்லாமல் மென்று விழுங்கினார். கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துவிட்டு, தட்டை மேசையின் நடுப்பக்கமாகத் தள்ளி வைத்தார்.

அறையில் பத்துப் பேர் அளவில் இருந்தோம். எல்லோர் வாயிலும் ஏதோ ஒன்று இருந்தது. ரோல்ஸ், வடை, பற்றிஸ் என்று மூன்று பெரிய தட்டுகள் மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தன. எண்ணெயும் பெருஞ்சீரகமும் கலந்த வாசனை அந்தப் பள்ளிக்கூட அறையின் சோக்குக்கட்டி வாசனையை விரட்டியிருந்தது. கனகசபை அண்ணை மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கென்று கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார்.

அவர் அப்போதுதான் நீதிபதியிடம் ஓர் உதவி கேட்டிருந்தார். கொழும்பில் ஒரு லொட்ஜில் தன் மனைவி இரண்டு வருடங்களாகக் காத்திருக்கிறார், அவரை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் அமைச்சிலேயே கிடக்கிறது, அங்கே தெரிந்தவர் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

இது நடந்தது அமெரிக்க நாவல்கள் படிக்கும் ஒரு வகுப்பில். டென்மார்க்கில், ஒரு யாழ்ப்பாணத்து மனிதர், அமெரிக்கப் பணக்காரர்களைப் படிக்கப்போன இடத்தில் மனைவியின் விசாவுக்கு ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்த கதையை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கும் விளங்கவில்லை. குளிரில் இருந்து தொடங்குகிறேன்.

காரில் இருந்தால் விறைக்கும்

நாங்கள் அப்போது பிரெடெரிசியாவில் இருந்தோம். கடலோரத்து ஊர். பழைய கோட்டை மேடு ஊரைச் சுற்றி நிற்கிறது. அது எதிரிகளை மறித்திருக்கலாம், காற்றை மறிக்கவில்லை. நானும் என் கணவரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் கூப்பிடும் பாடு எங்களுக்கு இருக்கவில்லை. அது எங்கள் கெட்டித்தனம் ஒன்றும் கிடையாது. எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தான்.

யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். பிரெடெரிசியாவில் முதியோர் இல்லமொன்றில் நிலம் துடைத்தேன். இதைச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலம் நல்ல நிலம். மேற்பார்வைக்காரியும் நல்லவள். எனக்குக் குறையாக இருந்தது ஒன்றுதான், யாருடனும் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைக்க முடியவில்லை.

டேனிஷ்காரர்கள் குளிர்காலத்தை மாலை வகுப்புகளால்தான் கடக்கிறார்கள். மட்பாண்டம், அக்கோடியன், நாய்களுக்கு ஒழுக்கம் என்று எதற்கும் வகுப்பு உண்டு. அந்தப் பட்டியலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க நாவல்களில் செல்வமும் நீதியும் என்ற தலைப்பில் ஒன்றைக் கண்டேன். நாவல்கள் ஆங்கிலத்தில், பேச்சு பாதி டேனிஷ், பாதி ஆங்கிலம். உடனே பெயரைக் கொடுத்தேன்.

என் கணவருக்கு மாலை வேலை. வகுப்பு முடிந்து பனியில் நடந்துவருவது சிரமம் என்று, அவருடன் வேலை செய்த கனகசபை அண்ணையிடம் சொல்லிவைத்தார். அண்ணையிடம் பழைய கார் ஒன்று இருந்தது. முதல் வாரம் அண்ணை வெளியே காரிலேயே காத்திருந்தார். வகுப்பை நடத்திய இங்கர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, யன்னலால் அதைக் கண்டுவிட்டு, ஒரு மனிதர் இப்படி விறைப்பது தன் வகுப்புக்கே அவமானம் என்று போய்க் கையோடு கூட்டிவந்தார். அடுத்த வாரத்திலிருந்து அண்ணைக்கும் ஒரு கதிரை போடப்பட்டது.

எல்லாப் புத்தகத்திலும் அதே வீடு

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் படித்த புத்தகங்களின் பெயர்கள் எனக்கு இப்போது ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. ஆனால் அந்த வீடு மறக்கவில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த வீடு வந்துவிடும். அகலமான மாடிப்படி இருக்கும். செத்துப்போன பெரியவர்களின் படங்கள் மாட்டியிருக்கும். ரயில் பாதையிலோ, ஆலையிலோ, நிலக்கரியிலோ வந்த காசைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைக்கமாட்டார்கள். அதைக் கதைப்பது மரியாதை இல்லை.

அந்த எழுத்தாளர்கள் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. பணக்காரனைக் கொம்பு வைத்த அரக்கனாக அவர்கள் காட்டவில்லை. அவன் நாயைத் தடவுவான், மகளின் பியானோவைக் கேட்டுக் கண்கலங்குவான், சத்தம் போட்டுக் கதைக்கவே மாட்டான். சத்தம் போடவேண்டிய தேவை அவனுக்கு வருவதில்லை என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டியிருந்தார்கள். ஏழைகள்தான் அந்தப் புத்தகங்களில் கத்துகிறார்கள். கத்தி, அதனாலேயே நீதிமன்றத்தில் தோற்கிறார்கள்.

ஒரு நாவலில் ஆலை முதலாளி ஒருவர் கட்டிக்கொடுத்த தொழிலாளர் குடியிருப்பு இடிந்து விழுகிறது. கணவனை இழந்த ஒரு பெண் வழக்குப் போடுகிறாள். முதலாளி சாட்சியை விலைக்கு வாங்கவில்லை, அவளை மிரட்டவும் இல்லை. ஒருநாள் தன் வீட்டு விருந்தில், பக்கத்தில் இருந்த நீதிபதியிடம், சூப்பில் உப்பு அளவாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதே குரலில் அந்த வழக்குக்கு அப்படி ஒன்றும் அவசரமில்லையே என்று சொல்கிறார். அவ்வளவுதான். வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. எடுக்கப்படவும் இல்லை. அந்தப் பெண் காத்திருந்து காத்திருந்து ஊரை விட்டே போய்விடுகிறாள்.

இங்கர் வழக்கம்போல மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். இது டேனிஷ் வழக்கம். ஊமைக்கும் முறை வரும். எல்லோரும் முதலாளியைத் திட்டினார்கள். அண்ணையின் முறை வந்தது. அதுவரை வாய் திறக்காதவர், ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார், அந்த மனிதர் செய்தது என்ன பிழை என்று தனக்கு விளங்கவில்லை என்று. திரும்பி வரும்போது காரில் தமிழில் இன்னும் விளக்கமாகச் சொன்னார்.

“ரீச்சர், அந்தாள் ஒருத்தரையும் அடிக்கேல்லை, வெட்டேல்லை. கொஞ்சம் பொறுக்கட்டும் எண்டுதானே சொன்னது. பொறுக்கச் சொல்லுறது ஒரு குற்றமோ?”

எனக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்கவில்லை, கேட்டவரும் எனக்குப் புதியவர் இல்லை.

முதலாளி

யாழ்ப்பாணத்தில் கனகசபை அண்ணையை யாரும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்கள் ஓடின, இரும்புக் கடை இருந்தது, நகரசபையில் இருந்து அரசாங்க அதிபரின் கச்சேரி வரை ஆள் இருந்தது. பள்ளிக்கூட இடமாற்றமோ, கட்டிட அனுமதியோ, பொலிஸில் மாட்டிய பொடியனோ, எதுவானாலும் முதலில் அவரைப் பிடிக்கவேண்டும். எங்கள் ஊரில் காரியம் பார்ப்பதற்கு அதுதான் பெயர், ஆளைப் பிடிப்பது.

என் இடமாற்றத்துக்காக அப்பாவும் அவரைப் பிடிக்கப் போனவர்தான். காலையில் போய், வாசலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் மத்தியானம் வரை இருந்திருக்கிறார். உள்ளே இருந்து தேநீர் வந்ததாம். நல்ல தேநீர். முதலாளி வெளியே போகிற வழியில் நின்று, அன்பாகச் சுகம் விசாரித்து, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். நான் இன்னும் மூன்று வருடம் தீவுப் பகுதிக்கு லோஞ்சிப் படகில் போய்வந்தேன்.

அதே மனிதர் பிரெடெரிசியாவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி இறைச்சி அடுக்கும் தட்டுகளைச் சுடுநீரில் கழுவிக்கொண்டிருந்தார். சண்டையில் பஸ்கள் எரிந்தன, கடை போனது, ஒரு பகுதி அவரைத் தேடியது, மறு பகுதியும் தேடியது. ஒரு பெட்டியோடு தப்பி வந்தவர். மனைவி பாக்கியம் அக்காவை அடுத்த மாதமே கூப்பிடலாம் என்று கொழும்பில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

உண்மையைச் சொன்னால், அவரை முதன்முதல் அந்த வேலை உடுப்பில் கண்டபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. அப்பா பார்க்கவேண்டும் இதை என்று நினைத்தேன். பிறகு அவரோடு வாராவாரம் காரில் போய்வந்ததில் அது தேய்ந்துவிட்டது. ஒரு மனிதர் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டே அவர்மேல் கோபமாக இருப்பது லேசில்லை.

கேட்கலாம் என்று சொன்னவரே

வகுப்பில் ஹோல்கர் என்று ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. உயரமான, ஒட்டிய கன்னமுள்ள மனிதர். சைக்கிளில் வருவார். டேனிஷ்காரர்கள் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் ஒரு நீதிபதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட அண்ணையின் நாக்கு வளையவில்லை. கடைசிவரை சேர் என்றே கூப்பிட்டார். நீதிபதிக்கு அது பிடிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை.

அண்ணை எழுப்பிய கேள்வியை ஹோல்கர் மட்டும் சிரிக்காமல் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதற்கு நிதானமாகப் பதில் சொன்னார். சட்டப்படி பார்த்தால் அந்த ஆலை முதலாளி மேல் குற்றம் இல்லை, கேட்பது குற்றமாகாது, கேட்டதைச் செய்து கொடுத்த நீதிபதிதான் குற்றவாளி என்றார். முழுப் பாரத்தையும் தன்னைப்போன்ற ஒரு நீதிபதி மேலேயே அவர் போட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணைக்கு அதில் வேறொன்று பிடித்துவிட்டது. கேட்பது குற்றமாகாது. இந்த நாட்டு நீதிபதியே வாயால் சொல்லிவிட்டார். அன்று காரில் அண்ணை பாட்டுப் போட்டார்.

அந்த வகுப்பில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வாரத்துக்கு ஒருவர் முறை வைத்துக் கேக் கொண்டுவரவேண்டும். சாதாரணக் கேக், கோப்பியோடு ஆளுக்கு ஒரு துண்டு. அண்ணையின் முறை வந்தபோது, நான் கேக் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு நாள் லீவு எடுத்து, ஓகூஸ் நகரத்தில் இருந்து ஆட்டிறைச்சி வாங்குவித்து, தெரிந்த பொடியன்களைக் கூட்டி ஒரு கலியாண வீட்டுக்குச் சுடுகிற அளவுக்குச் சுட்டிருக்கிறார். பொடியன்கள் முன்னமே கொண்டுபோய் வைத்திருந்தார்கள், நான் அதை அறைக்குள் போய்த்தான் கண்டேன். எங்கள் ஊரில் இவ்வளவு பலகாரம் ஒரு காரணமும் இல்லாமல் மேசைக்கு வராது.

டேனிஷ்காரர்களுக்கு அது தெரியாது. பாவம், ஆளுக்கு நாலைந்து சாப்பிட்டுவிட்டார்கள். இங்கர் ஒரு பற்றிஸைக் கைப்பையில்கூட வைத்தார். அப்போதுதான் அண்ணை எழுந்து நின்று, பாடமாக்கி வந்த டேனிஷில் தன் மனைவியின் கதையைச் சொல்லி, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார்.

தட்டு நகர்ந்த பிறகு

நீதிபதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று பிறகு நினைத்தேன். அவர் அண்ணையின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும்படி, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்.

“இந்த நாட்டில் ஒரு விண்ணப்பத்தை யாரும் முன்னுக்கு இழுக்கவும் முடியாது, பின்னுக்குத் தள்ளவும் முடியாது. அது தன் முறை வரும்போது வரும். உங்கள் மனைவிக்கும் அப்படித்தான். அதை நான் நம்பாவிட்டால் இத்தனை வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்கமாட்டேன்.”

பிறகு, இது எதற்காகச் சமைக்கப்பட்டது என்று தெரிந்தபின் தன்னால் மேலே சாப்பிட முடியாது, மன்னிக்கவேண்டும் என்றார். அவர் சொன்னதும் மற்றவர்களும் தங்கள் தட்டுகளைக் கீழே வைத்தார்கள். இங்கர் கைப்பையைத் திறப்பதா விடுவதா என்று தவித்தார். அண்ணை உட்கார்ந்தார். அன்று அதற்குப் பிறகு நாங்கள் நாற்பது பக்கம் அலசினோம். எனக்கு ஒரு வரியும் ஏறவில்லை.

எனக்கு நீதிபதி மேல் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. ஒரு நாட்டை அப்படி நம்புகிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாக்கியம் அக்காவின் குரல்

அன்று திரும்பி வந்து என் வீட்டு வாசலில் காரை நிறுத்திய அண்ணை எஞ்சினை அணைக்கவில்லை. ஒரு கசெற்றை எடுத்துப் போட்டார். அந்த நாட்களில் தொலைபேசி ஆனைவிலை. ஊரில் இருப்பவர்கள் தங்கள் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புவார்கள். பின்னால் லொட்ஜில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு பாக்கியம் அக்கா.

“இஞ்சாருங்கோ, பஸ் பெர்மிற்றை ஒரு கிழமையிலை எடுத்த மனிசன் நீங்கள். பொலிஸ் பிடிச்ச பொடியனை ஒரு சொல்லிலை வெளியிலை எடுத்தனீங்கள். அங்கை சூப்பர்வைசர் எண்டு சொல்லுறீங்கள், பெரிய ஆக்களோடை பழக்கம் எண்டு சொல்லுறீங்கள். பெண்சாதிக்கு ஒரு விசா எடுக்கேலாதோ? எடுக்க விருப்பமில்லை எண்டா அதைச் சொல்லுங்கோ. எங்களுக்கொரு பிள்ளையும் இல்லை. நான் ஒரு பக்கமாப் போயிடுறன்.”

அண்ணை கசெற்றை நிறுத்தினார். தான் வேறு ஒருத்தியை வைத்திருப்பதாக அவள் நினைக்கிறாள் என்று, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். சூப்பர்வைசர் கதையை ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். லொட்ஜில் இருக்கிற மற்றப் பெண்களுக்கு முன்னால் அவள் தலை குனியக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. வேறு எந்தப் பெண்ணும் புருசன் இரண்டு வருடம் கூப்பிடாவிட்டால் விதி என்று இருந்திருப்பாள், அல்லது வெள்ளைக்காரனைத் திட்டியிருப்பாள். பாக்கியம் அக்காவால் அது முடியாது. பதினைந்து வருடம் அந்த வீட்டின் உள்ளே இருந்து வாசல் வாங்கைப் பார்த்தவர். தன் புருசன் ஒரு வாசலில் காத்திருப்பார் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வசந்தத்தில்

அடுத்த வாரமும் அண்ணை வகுப்புக்கு வந்தார். அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம். சாதாரணக் கேக் சாப்பிட்டு, கருத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு இருந்தார்.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் செய்தி கசிந்தது. எங்கள் ஆட்களின் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்கள் முறை வந்தும் எடுக்கப்படவில்லை, மேலிடத்தில் இருந்து சொல்லி அவற்றை அப்படியே கிடக்கவிட்டிருக்கிறார்கள் என்று. யாரும் மறுக்கவில்லை, யாரும் தள்ளுபடி செய்யவில்லை. எடுக்காமல் விட்டிருந்தார்கள். பின்னாளில் அதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வந்தது. விசாரணை வருடக்கணக்கில் நடந்து, ஓர் அரசாங்கமே அதில் கவிழ்ந்தது. அந்த வசந்தத்தில் அது பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த ஒரு செய்திதான். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவரின் கட்டிலுக்குக் கீழே துடைக்கும்போது, அங்கே கிடந்த பத்திரிகையில் அதைப் படித்தேன். சூப்பில் உப்பு அளவாக இருக்கிறதா என்ற அந்த வசனம்தான் ஞாபகம் வந்தது.

கடைசி வகுப்புக்கு ஹோல்கர் வந்தார். முறை தன்னிடம் வருமுன்னரே எழுந்தார். இந்த அறையில் கனகசபையிடம் நான் ஒன்று சொன்னேன், அது உண்மையில்லை என்று இப்போது தெரிகிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றார். டேனிஷ்காரர்கள் இப்படியானதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்.

அண்ணை எழுந்து, பரவாயில்லை சேர் என்றார். பரவாயில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தன் வேலை முடியாததற்கு மேலிடத்திலேயே ஒருவர் காரணமாக இருந்திருக்கிறார் என்பது அவருக்கு ஒரு வகையில் மரியாதையான செய்தி.

வரமாட்டேன்

கிடந்த விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. கோடை முடிகிற காலத்தில் பாக்கியம் அக்காவுக்கு அனுமதி கிடைத்தது. அண்ணை கட்டில் வாங்கினார், பெரிய சட்டி வாங்கினார். அதன் பிறகு ஒரு கசெற் வந்தது. பாக்கியம் அக்கா அதில், தான் வரவில்லை என்றும், சண்டையில் பாதை மூடுமுன்னரே யாழ்ப்பாணம் போய்த் தங்கையோடு இருக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார். அமைச்சு மறித்தது என்று அண்ணை சொன்ன கதையை அவர் நம்பவில்லை. வெள்ளைக்காரன் ஊரில் அப்படி நடக்குமா என்று கேட்டிருந்தார். ஹோல்கரும் அதையேதான் நம்பியிருந்தார்.

அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. நீதிபதியைக் கொண்டு அவளோடு கதைப்பிக்கலாம். பாக்கியம் அக்கா கொன்வென்றில் படித்தவர், ஆங்கிலம் விளங்கும். ஒரு நீதிபதி சொன்னால் நம்புவாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கவலையும் வந்தது. இவ்வளவும் பட்டபிறகும் மனிதர் ஆளைப் பிடிக்கத்தான் நிற்கிறார். தயங்கித் தயங்கி நான்தான் ஹோல்கரிடம் கேட்டேன். அவர் எந்த நாள் என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டில் கூடினோம். ஹோல்கர் கறுப்புக் கோட் போட்டு, கையில் எழுதிய குறிப்போடு வந்திருந்தார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தோம், லொட்ஜ் மனேஜர் மாடிப்படியில் நின்று பாக்கியம் அக்காவைக் கூப்பிடுவது எங்களுக்கே கேட்டது.

நீதிபதி குறிப்பைப் பார்த்து, பிசகில்லாமல் பேசினார். தன் பெயர், தான் வகித்த பதவி, பேசுவது ரீச்சர் வீட்டில் இருந்து, இந்த நாட்டு அமைச்சு சட்டத்தை மீறியது, உங்கள் கணவர் என்னிடம் உதவி கேட்டார், நான் மறுத்தேன், அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. பாக்கியம் அக்கா இடையில் பேசாமல் கேட்டார். தாங்க்யூ சேர் என்றார். பிறகு ரீச்சரிடம் கொடுக்கச் சொன்னார்.

நான் வாங்கிக் காதில் வைத்தேன். அவர் குரல் நடுங்கவில்லை.

“ரீச்சர், இவ்வளவு பெரிய ஆளை உங்கடை வீட்டுக்கே கூப்பிட்டு எனக்காகக் கதைக்க வைக்கிற மனிசன், ரண்டு வருசமா என்னைக் கூப்பிடேலாமல் இருந்தவரோ? நீங்களே சொல்லுங்கோ.”

அவர் சொன்னதில் அவருடைய கணக்குப்படி ஒரு பிழையும் இல்லை. நான் தொலைபேசியை அண்ணையிடம் நீட்டினேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அண்ணை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நிமிடத்துக்கு நிமிடம் பணம் ஓடிக்கொண்டிருந்தது. ஹோல்கர் தன் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். அண்ணை அதைக் காதில் வைத்தார்.

“பாக்கியம், எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது. இந்தாள் வகுப்பிலை பக்கத்துக் கதிரை. பாவம் எண்டு வந்தவர். நான் சூப்பர்வைசர் இல்லை. பண்டி இறைச்சி அடுக்கிற தட்டுக் கழுவுறன். அண்டைக்குப் பலகாரமெல்லாம் சுட்டுக்கொண்டுபோய் இந்தாளிட்டைக் கெஞ்சினனான். சாப்பிட்டதைப் பாதியிலை வைச்சிட்டார். அவ்வளவுதான் இஞ்சை என்ரை நிலைமை.”

அண்ணை தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றதால் பாக்கியம் அக்கா கேட்டது எனக்கும் கேட்டது.

“கைக்கு ஏதும் போட்டுக்கொண்டோ கழுவுறனீங்கள்?”

“ஓம். றப்பர் கையுறை தந்திருக்கிறாங்கள்.”

“சுடுதண்ணியோ?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் அவர் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “அப்ப நான் வாறன்” என்றார்.

அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஹோல்கர் என் பக்கம் குனிந்து, அவர் என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டார். வருகிறாராம் என்றேன். நீதிபதியின் முகம் மலர்ந்தது. தான் சொன்னதை நம்பிவிட்டாரா என்று கேட்டார்.

ஓம் என்று சொன்னேன்.